‘கெட்’ என்னும் ஆங்கில வினைச்சொல்: பொருளைக் கண்டறியும் முறையும் மாற்றுச்சொல்லைத் தேரும் முறையும்

ஆங்கிலம் கற்கத் தொடங்குபவர் அகராதியில் ‘கெட்’ என்னும் சொல்லைத் தேடினால், பெறு, வாங்கு, ஆகு, போய்ச்சேர், புரிந்துகொள், செய்யவை என ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை போலத் தோன்றும் பொருள்கள் அடுக்கடுக்காக நிற்பதைக் கண்டு மலைத்துப்போவார். அந்த அடுக்கை மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு என்றே நான் கருதுகிறேன். இந்த வினைக்குப் பின்னால் வருவது பெயர்ச்சொல்லா, பெயரடையா, இடமா, இன்னொரு வினையா என்று பார்க்கப் பழகிக்கொண்டால், பெரும்பாலான வாக்கியங்களில் பொருள் தானாகவே தெளிவாகிவிடும். எந்த மாற்றுச்சொல் பொருந்தும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

படி 1: வடிவங்களை அறிந்துகொள்ளுதல்

இறந்தகால வடிவம் ‘காட்’. வினையின் மூன்றாம் வடிவம் பிரிட்டனில் ‘காட்’ என்றும் அமெரிக்காவில் பெரும்பாலும் ‘காட்டன்’ என்றும் வழங்குகிறது. ‘ஐ ஹாவ் காட் எ பைக்’ என்றால் ‘என்னிடம் ஒரு பைக் இருக்கிறது’ என்பதே பொருள். உடைமையைக் குறிக்கும் இந்த இடத்தில் அமெரிக்கரும் ‘காட்டன்’ என்று சொல்வதில்லை.

படி 2: பின்னால் பெயர்ச்சொல் வந்தால்

‘ஐ காட் எ லெட்டர்’ என்பதைத் தமிழில் ‘எனக்கு ஒரு கடிதம் வந்தது’ என்கிறோம். தமிழில் கடிதம் எழுவாயாகவும் பெறுபவர் ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையிலும் நிற்க, ஆங்கிலத்தில் பெறுபவரே எழுவாயாகிறார். தமிழ் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்க முயல்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஆகவே ‘எனக்குக் கிடைத்தது’, ‘அவருக்கு வந்தது’ என்று மனத்தில் தோன்றும்போதெல்லாம், முதலில் ‘ஐ’ அல்லது ‘ஹி’ என்று தொடங்கிவிட்டு அடுத்து ‘காட்’ சேர்க்கும் பழக்கத்தை உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

இப்பொருளுக்கு மாற்றுச்சொற்கள் பல. அவற்றுள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று எப்போதும் நிற்பதில்லை. நாம் எதுவும் செய்யாமலே நம்மிடம் வந்துசேர்வதற்கு ‘ரிசீவ்’ பொருந்தும்: கடிதம், பரிசு, புகார். விண்ணப்பித்தோ முயன்றோ பெறுவதற்கு ‘அப்டெயின்’ வரும்: அனுமதி, சான்றிதழ், தகவல். திறமை, சொத்து போன்று காலப்போக்கில் நமக்கென்று ஆகிவிடுபவற்றுக்கு ‘அக்வயர்’ உரியது. காசு கொடுத்து வாங்கியதற்கு ‘பை’ என்னும் எளிய சொல்லே போதும். அலுவலகக் கடிதத்தில் ‘ஐ காட் யுவர் லெட்டர்’ என்பதைவிட ‘ஐ ஹாவ் ரிசீவ்ட் யுவர் லெட்டர்’ என்பது மதிப்பாக ஒலிக்கும். ஆனால் நண்பரிடம் பேசும்போது ‘ஐ அப்டெயின்ட் எ டிக்கெட்’ என்றால் அது செயற்கையாகப் படும்.

பின்னால் வரும் பெயர்ச்சொல் ‘ஜோக்’, ‘பாயிண்ட்’ போல மனத்தால் பற்ற வேண்டியதாக இருந்தால், பொருள் ‘புரிந்துகொள்’ என்று மாறுகிறது. ‘ஐ டிடன்ட் கெட் த ஜோக்’ என்பதில் ‘அண்டர்ஸ்டாண்ட்’ என்று மாற்றிக்கொள்ளலாம். நம் பக்கத்தில் ‘ஐ ஆம் நாட் கெட்டிங் யூ’ என்று சொல்வதைக் கேட்கிறோம். இப்பொருளில் ‘ஐ டோண்ட் கெட் யூ’ என்பதே பொது வழக்கு.

படி 3: பின்னால் பெயரடை வந்தால்

‘டயர்ட்’, ‘ஆங்ரி’, ‘டார்க்’ போன்ற பெயரடைகள் வந்தால் பொருள் ‘ஆகு’. ‘இட் இஸ் கெட்டிங் டார்க்’ என்றால் இருட்டுகிறது. எழுத்து நடையில் இதற்குப் ‘பிகம்’ பொருந்தும். ஆனால் ‘பிகம்’ பெயர்ச்சொல்லையும் ஏற்கும், ‘கெட்’ இப்பொருளில் ஏற்காது என்பதை மறவாதீர்கள். ‘ஷீ பிகேம் எ டாக்டர்’ என்றால் அவர் மருத்துவர் ஆனார். ‘ஷீ காட் எ டாக்டர்’ என்றால் அவர் ஒரு மருத்துவரை அழைத்துவந்தார். ஒரு சொல் மாறியதும் செய்தியே வேறாகிவிடுகிறது.

படி 4: பின்னால் இடம் வந்தால்

‘வி காட் டு சென்னை அட் நைன்’ என்பதில் பொருள் ‘போய்ச்சேர்’. இங்கே ‘ரீச்’, ‘அரைவ்’ இரண்டும் மாற்றாக வரலாம்; ஆனால் மூன்றும் மூன்று விதமாக இடத்தோடு இணைகின்றன. ‘கெட்’ என்றால் ‘டு’ வேண்டும். ‘ரீச்’ என்றால் நடுவில் எதுவும் கூடாது: ‘ரீச்ட் சென்னை’. ‘அரைவ்’ என்றால் ஊருக்கு ‘இன்’, நிலையம் போன்ற இடத்துக்கு ‘அட்’. ‘ரீச்ட் டு சென்னை’ என்பது மிகப் பரவலான பிழை. ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ ஆகிய சொற்களுக்கு முன்னால் ‘டு’வும் வராது, ‘ஐ காட் ஹோம்’ என்பதே சரி.

படி 5: பின்னால் வினை வந்தால்

கற்பவர்கள் அதிகம் அஞ்சுவது இந்தப் பகுதிக்குத்தான். தமிழர் அஞ்சத் தேவையில்லை, ஏனெனில் நம் மொழியிலும் இதற்கு நெருங்கிய வழக்கு உண்டு. ‘அவன் திட்டு வாங்கினான்’, ‘அடி வாங்கினான்’ என்கிறோம் அல்லவா? ‘ஹி காட் ஸ்கோல்டட்’ என்பதும் அதே போக்கில் அமைந்ததுதான்: ‘காட்’டுக்குப் பின்னால் வினையின் மூன்றாம் வடிவம் வந்து, செயலுக்கு ஆளானதைக் காட்டுகிறது. எழுத்து நடையில் ‘ஹி வாஸ் ஸ்கோல்டட்’ என்று மாற்றலாம்.

நடுவில் ஒரு பொருள் வந்து, அதன்பின் மூன்றாம் வடிவம் வந்தால், பிறரைக்கொண்டு செய்வித்தல் என்று பொருள். தமிழில் முடிதிருத்தகத்துக்குப் போய்வந்த பின்னும் ‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்றுதான் சொல்கிறோம். கேட்பவர் யாரும் நாமே கத்தரிக்கோல் எடுத்ததாக நினைப்பதில்லை. அதையே ‘ஐ கட் மை ஹேர்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால், நாமே வெட்டிக்கொண்டதாகத்தான் பொருள்படும். ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்று சொல்ல வேண்டும். இங்கே ‘காட்’டுக்கு மாற்றாக, ‘ஹாவ்’ என்பதன் இறந்தகால வடிவமான ‘ஹாட்’ வரலாம்: ‘ஐ ஹாட் மை ஹேர் கட்’.

நடுவில் ஓர் ஆள் வந்து, அதன்பின் ‘டு’ சேர்ந்த வினை வந்தால், அவரைச் செய்யவைத்தல் ஆகிறது. ‘ஐ காட் ஹிம் டு சைன்’ என்றால் அவரைக் கையெழுத்துப் போடவைத்தேன். பேசி இணங்கவைத்திருந்தால் ‘பெர்ஸ்வேட்’ பொருத்தமான மாற்று. கட்டாயப்படுத்தியிருந்தால் ‘மேட்’ வரும், அப்போது ‘டு’ நீங்கி ‘ஐ மேட் ஹிம் சைன்’ என்றாகும்.

படி 6: ஒட்டி வரும் சிறு சொற்கள்

‘கெட் அப்’ (எழு), ‘கெட் ஓவர்’ (மீண்டு வா), ‘கெட் ரிட் ஆஃப்’ (ஒழித்துவிடு) போன்றவற்றைத் தனித்தனிச் சொற்களாகவே கற்பது நல்லது. பேருந்தில், ரயிலில் ஏற ‘கெட் ஆன்’, இறங்க ‘கெட் ஆஃப்’. காரில் ஏற ‘கெட் இன்’, இறங்க ‘கெட் அவுட்’. பேருந்திலிருந்து இறங்குவதற்கு நாம் சொல்லும் ‘கெட் டவுன்’ இந்தியாவுக்கு வெளியே இயல்பாகப் படாது.

படி 7: பயிற்சி

பின்வரும் வாக்கியங்களில் முதலில் ‘கெட்’டுக்குப் பின்னால் வருவது என்ன வகைச் சொல் என்று நீங்களே எழுதிப் பாருங்கள்; அதன்பின் விடையைப் படியுங்கள்.

‘கேன் யூ கெட் மீ சம் வாட்டர்?’ ஆளும் பொருளும் அடுத்தடுத்து வருவதால் ‘கொண்டுவந்து கொடு’ என்று பொருள், மாற்றுச்சொல் ‘பிரிங்’.

‘ஷீ காட் த டிவி ரிப்பேர்ட்.’ பொருளுக்குப் பின் மூன்றாம் வடிவம் வருவதால், அவர் வேறொருவரைக்கொண்டு பழுதுபார்க்கவைத்தார், மாற்றுச்சொல் ‘ஹாட்’.

‘இட் இஸ் கெட்டிங் லேட்.’ பெயரடை வருவதால் ‘நேரமாகிறது’ என்று பொருள். இலக்கணப்படி ‘பிகமிங்’ என்று மாற்றலாம் என்றாலும், பேச்சில் இந்தத் தொடரை அப்படி மாற்றாமல் ‘கெட்டிங்’ என்றே விட்டுவிடுங்கள்.