ஈச், எவ்ரி, எனி, நோ: பின்னால் வருவது ஒருமையா, பன்மையா?

'எவ்ரி ஸ்டூடன்ட்ஸ்', 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்', 'மெனி இன்ஃபர்மேஷன்ஸ்'. நம்மவர்கள் எழுதும் ஆங்கிலக் கடிதங்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் பிழைகள் இவை. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் சிறு சொல்லை ஆங்கில இலக்கணத்தில் டிடர்மினர் என்பார்கள். அந்தச் சொல்லும் பின்னால் வரும் பெயர்ச்சொல்லும் ஒன்றுக்கொன்று பொருந்தாததுதான் மூன்றிலும் கோளாறு.

பேச்சுத் தமிழில் 'நாலு மாடு', 'பத்து பழம்' என்றால் போதும்; எண்ணே பன்மையைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் எண் இருந்தாலும் பன்மை விகுதி கட்டாயம். ஆகவே சந்தேகம் வரும்போது பேச்சுத் தமிழை விட்டுவிட்டு எழுத்துத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'ஒவ்வொரு மாணவரும்', 'எல்லா மாணவர்களும்', 'மாணவர்களில் ஒருவர்' ஆகிய மூன்றிலும் ஒருமை பன்மை ஆங்கிலத்தோடு அப்படியே ஒத்துப்போகும்.

முதல் வேலை, பெயர்ச்சொல் எண்ணக்கூடியதா என்று பார்ப்பது. இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்யூப்மென்ட், ஹோம்வொர்க் ஆகியவை ஆங்கிலத்தில் எண்ண முடியாதவை. இவற்றின் கடைசியில் 'எஸ்' சேராது. முன்னால் ஈச், எவ்ரி, மெனி, ஃப்யூ வராது. மச், லிட்டில், சம், எனி, ஆல், நோ வரலாம். எண்ணியே ஆகவேண்டும் என்றால் 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்', 'த்ரீ பீசஸ் ஆஃப் லக்கேஜ்' என்று எழுத வேண்டும். 'பீப்பிள்' எஸ் இல்லாமலே பன்மை. அதனால் 'எவ்ரி பீப்பிள்' தவறு, 'எவ்ரி பெர்சன்' சரி.

எண்ணக்கூடிய சொல் என்றால் அடுத்து டிடர்மினரைப் பாருங்கள். ஈச், எவ்ரி, ஐதர், நைதர், அனதர் ஐந்தும் ஒருமையைக் கேட்பவை. வினைச்சொல்லும் ஒருமைதான்: 'எவ்ரி ஸ்டூடன்ட் ஹேஸ் எ புக்', 'ஐதர் டே இஸ் ஃபைன்'. 'எவ்ரி பாய் அண்ட் கேர்ள்' என்று இரண்டு பெயர்ச்சொற்கள் வந்தாலும் 'ஹேஸ்' மாறாது. இரண்டே பொருள்கள் இருக்கும் இடத்தில் 'எவ்ரி' பொருந்தாது, 'ஈச்' தான் வேண்டும். இரண்டு கைகளைப் பற்றிச் சொல்லும்போது 'இன் ஈச் ஹேண்ட்' என்பதே சரி.

இதில் ஒரு விலக்கு உண்டு. நேரத்தையோ அளவையோ ஒரே கட்டாகச் சொல்லும்போது எவ்ரி, அனதர் இரண்டுக்கும் பின்னால் எண்ணும் பன்மையும் வரும். மருந்துச் சீட்டில் வரும் 'எவ்ரி சிக்ஸ் அவர்ஸ்' அப்படித்தான். 'அனதர் டென் மினிட்ஸ்' என்பதும் அதே வகை. ஆறு மணி நேரம் சேர்ந்து ஓர் அலகு. அந்த அலகைத்தான் 'எவ்ரி' எண்ணுகிறது. ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதற்கு 'எவ்ரி அதர் டே', ஒருமை.

போத், மெனி, செவரல், ஃப்யூ, தீஸ், தோஸ் எல்லாம் பன்மையையே கேட்பவை. இங்கே குழப்பம் குறைவு. சாலையின் இருபுறமும் என்பதை 'போத் சைட்ஸ்' என்றும் சொல்லலாம், 'ஐதர் சைட்' என்றும் சொல்லலாம். பொருள் ஒன்றுதான், பெயர்ச்சொல்லின் எண் மட்டும் மாறும். 'மெனி எ ஸ்டூடன்ட்' என்ற பழைய நடையில் பெயரும் வினையும் ஒருமை. தேர்வுக்காகத் தெரிந்துகொள்ளுங்கள், கடிதத்தில் எழுத வேண்டாம்.

அதிகக் கவனம் தேவைப்படுவது 'ஆஃப்' வரும் தொடர்களில். 'ஒன் ஆஃப்', 'ஈச் ஆஃப்', 'ஐதர் ஆஃப்', 'நைதர் ஆஃப்' இவற்றுக்குப் பின் பெயர்ச்சொல் பன்மை, வினைச்சொல் ஒருமை: 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ் இஸ் எ டாக்டர்'. 'என் நண்பர்களில் ஒருவர்' என்று தமிழிலும் கூட்டத்தைப் பன்மையில் சொல்லிவிட்டுத்தானே ஒருவரைப் பிரிக்கிறோம்! இந்த நான்கிலும் 'ஆஃப்' என்பதற்கும் பெயர்ச்சொல்லுக்கும் நடுவில் தி, மை, தீஸ் போன்ற ஒரு சொல் கட்டாயம் வேண்டும். 'ஈச் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' தவறு. 'எவ்ரி ஆஃப்' என்ற பிரயோகமே கிடையாது, 'எவ்ரி ஒன் ஆஃப்' என்று எழுத வேண்டும்.

பெயர்ச்சொல்லைச் சரியாக எழுதியவர்களும் வினையில் தவறுவது இங்கேதான். 'ஈச் ஆஃப் தி ஃபைல்ஸ்' என்றதும் பக்கத்தில் இருக்கும் 'ஃபைல்ஸ்' வினையைப் பன்மைக்கு இழுத்து 'ஹேவ்' என்று எழுத வைக்கிறது. 'ஆஃப்' தொடங்கிப் பெயர்ச்சொல் வரை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். 'ஈச்... ஹேஸ் பீன் செக்டு' என்று சரியான வினை தானாகத் தெரியும்.

ஆனால் ஆல், மோஸ்ட், சம் ஆகியவற்றுக்குப் பின்னால் 'ஆஃப்' வந்தால் இந்த விரல் சோதனை உதவாது. வினை பெயர்ச்சொல்லைப் பார்த்தே அமையும். 'சம் ஆஃப் தி மில்க் இஸ்', 'சம் ஆஃப் தி பாட்டில்ஸ் ஆர்'. 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர்' என்றால் மாணவர்கள் பலர். 'தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் இஸ்' என்றால் மாணவர்களின் எண்ணிக்கை. இரண்டிலும் பெயர்ச்சொல் பன்மைதான், வினை மட்டும் மாறுகிறது.

எனி, நோ, சம் மூன்றுக்கும் பின்னால் ஒருமையும் வரும், பன்மையும் வரும். இங்கே பொருள்தான் தீர்மானிக்கிறது. இயல்பாக ஒன்றே இருக்கக்கூடியது இல்லை என்றால் ஒருமை: 'ஹி ஹேஸ் நோ வைஃப்'. பல இருக்கக்கூடியவை இல்லை என்றால் பெரும்பாலும் பன்மை: 'தேர் ஆர் நோ ட்ரீஸ் ஹியர்'. ஒருவர்கூட இல்லை என்று அழுத்திச் சொல்ல மீண்டும் ஒருமை: 'நோ ஸ்டூடன்ட் இஸ் அலவ்டு இன்சைட்'.

'எனி' கேள்வியிலும் மறுப்பிலும் வந்தால் எண்ணக்கூடிய பெயர் பெரும்பாலும் பன்மையில் இருக்கும்: 'டு யூ ஹேவ் எனி சில்ட்ரன்?' 'எதுவானாலும் சரி' என்ற பொருளில் ஒரே ஒன்றைக் குறித்தால் ஒருமை: 'யூ மே டேக் எனி சீட்'. 'சம்' என்பதற்குப் பின்னால் பன்மைக்குப் பதில் ஒருமை வந்தால் பொருளே புரண்டுவிடும். 'சம் மென் கேம்' என்றால் சில ஆண்கள் வந்தார்கள்; 'சம் மேன் கேம்' என்றால் யாரோ ஒருவன் வந்தான். அலுவலகக் கடிதத்தில் இந்த வேறுபாடு சாதாரணமானதில்லை.

எண்களில் 1 மட்டுமே ஒருமை. 'ஜீரோ டிகிரீஸ்', '1.5 லிட்டர்ஸ்', '101 ருபீஸ்' எல்லாம் பன்மை. கடைசி இலக்கம் 1 என்பது கணக்கில் வராது. 'ஒன் அண்ட் எ ஹாஃப் அவர்ஸ்' என்பதில் பன்மை, அதையே 'ஆன் அவர் அண்ட் எ ஹாஃப்' என்று திருப்பினால் ஒருமை. எண்ணும் பெயரும் சேர்ந்து இன்னொரு பெயரை விளக்கும்போது எஸ் விழுந்துவிடும்: 'எ டென்-ருபீ நோட்', 'எ டூ-அவர் எக்ஸாம்'. மொத்தத் தொகையைச் சொல்லும்போது பெயர் பன்மையாக இருந்தாலும் வினை ஒருமை: 'டென் தௌசண்ட் ருபீஸ் இஸ் இனஃப்'. 'மோர் தன் ஒன் ஸ்டூடன்ட்' என்பதில் குறைந்தது இருவராவது இருக்கிறார்கள். ஆனாலும் பக்கத்தில் 'ஒன்' நிற்பதால் பெயரும் ஒருமை, வினையும் 'ஹேஸ்' தான்.