நிக்கோட்டின் பேட்ச் வாங்கும் முன்: ரீயூனியனில் காப்பீட்டுப் பணம் பெறும் வழி

இந்தியப் பெருங்கடல் தீவான ரீயூனியன் பிரான்சின் மாவட்டம். அதனால் பிரான்சின் பொது மருத்துவக் காப்பீடு இங்கும் செல்லும். புகைப்பழக்கத்தை விட உதவும், காப்பீட்டுப் பட்டியலில் உள்ள நிக்கோட்டின் பேட்ச் (தோலில் ஒட்டுவது), சூயிங்கம், சப்பும் மாத்திரை ஆகியவற்றின் விலையில் 65% அதுவே தருகிறது. ஆண்டுக்கு 150 யூரோ என்ற பழைய உச்சவரம்பு 2019 முதல் இல்லை. அதை நினைத்து யாரும் சிகிச்சையைப் பாதியில் நிறுத்த வேண்டாம்.

முக்கியமானது மருந்துச்சீட்டு. சீட்டில்லாமல் கடையில் வாங்கினால் முழுப் பணமும் உங்கள் கையிலிருந்துதான். மருத்துவரிடம் இடம் கிடைக்கத் தாமதமானால் செவிலியர், மருத்துவச்சி, பல் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் ஆகியோரும் எழுதித் தரலாம். சீட்டோடு கார்த் வித்தால் என்ற மருத்துவக் காப்பீட்டு அட்டையையும் மருந்துக்கடையில் நீட்டுங்கள். வாங்கும் பெட்டி பட்டியலில் உள்ளதா என்று முதலிலேயே கேளுங்கள். சில பிராண்டுகள் அதில் இல்லை. மீதி 35% பெரும்பாலும் மியூச்சுவல் எனப்படும் கூடுதல் காப்பீட்டில் வந்துவிடும்.

புகையை விட முயன்று பலர் தோற்பது நிக்கோட்டின் அளவு குறைவதால்தான். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவர் என்றால் அதைச் சொல்லியே சீட்டு வாங்குங்கள். பேட்ச்சோடு கம்மும் சேர்த்து எழுதலாம்.

நம் ஊர் வெயிலில் வியர்த்தால் பேட்ச் கழன்றுவிடும். முடியில்லாத, உலர்ந்த தோலில், கிரீம் தடவாமல், உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்துங்கள். தினமும் இடத்தை மாற்றுங்கள். கம்மை மெதுவாக மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கிவிடுங்கள். காப்பி, பழச்சாறு குடித்த கையோடு போட்டால் நிக்கோட்டின் சரியாக ஏறாது. கால் மணி நேரம் விடுங்கள்.