சின்னம்மை: ஒரு பிள்ளைக்குப் போட்டால் அடுத்த பிள்ளைக்கும் சேர்த்துத் தயாராகுங்கள்

பெரியவளின் வயிற்றில் இரண்டு சிவப்புப் புள்ளி தெரிந்த அன்று கொசுக்கடி என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் முதுகு, மார்பு, தலைமுடிக்குள் என்று எல்லா இடத்திலும் நீர் கோத்த கொப்புளம். மாமியார் பார்த்ததுமே "அம்மா வந்திருக்கா" என்று வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். பதினைந்தாம் நாள் சின்னவனுக்கும் போட்டது, அவளுக்கு வந்ததைப்போல இரண்டு மடங்கு.

அதனால் முதல் வேலை, காலண்டரை எடுங்கள். முதல் பிள்ளைக்கு முத்து தெரிந்த தேதியைக் குறியுங்கள். வீட்டில் இதுவரை அம்மை வராத, தடுப்பூசியும் போடாத பிள்ளை இருந்தால் அநேகமாக அதற்கும் வரும், 10 நாளிலிருந்து 21 நாளுக்குள், பெரும்பாலும் இரண்டு வாரத்தை ஒட்டி. தனி அறை, தனித் தட்டு எல்லாம் செய்யுங்கள், ஆனால் அதையே முழுசாக நம்பாதீர்கள், ஏனென்றால் முத்து வெளியே தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே இது காற்றில் பரவத் தொடங்கிவிடுகிறது, அக்காவும் தம்பியும் அதற்குள் ஒரே பாயில் உருண்டிருப்பார்கள். நீங்கள் வேலைக்குப் போகிறவர் என்றால் லீவு முழுவதையும் முதல் வாரத்திலேயே தீர்த்துவிடாதீர்கள். இரண்டாவது சுற்றுதான் கஷ்டம். வீட்டுக்குள்ளேயே, நெருக்கத்தில் தொற்றுகிற பிள்ளைக்குப் பல நேரம் முத்தும் காய்ச்சலும் கூடுதலாக இருக்கும்.

முதல் நாளே குழந்தைகள் டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, இன்னும் அம்மை வராத பிள்ளைக்கு உடனே தடுப்பூசி போடலாமா என்று. ஒரு வயது தாண்டியிருந்தால் தொற்று பட்ட முதல் மூன்று நாளுக்குள், அதிகபட்சம் ஐந்து நாளுக்குள் போட்டால் வராமலே போகலாம், வந்தாலும் லேசாக வரும். இரண்டு, அடுத்த பிள்ளைக்கு வந்தால் அம்மைக் கிருமியைக் கட்டுப்படுத்தும் அசைக்ளோவிர் மருந்து தேவைப்படுமா என்று. அது முத்து தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும், "இரண்டு நாள் பார்ப்போம்" என்று இருந்தால் அந்த நேரம் போய்விடும். எனக்கு இது அப்போது தெரியாது, சின்னவனைக் காட்ட மூன்று நாள் தாமதித்துவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

"அம்மை போட்ட வீட்டில் மருந்து கொடுக்கக் கூடாது" என்பார்கள். பெரியவர்கள் மனசு நோகாமல் பேசுங்கள், ஆனால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வேப்பிலையும் இருக்கட்டும், மாரியம்மனுக்கு வேண்டுதலும் இருக்கட்டும், காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலும் இருக்கட்டும். எங்கள் வீட்டில் மூன்றும் ஒன்றாகத்தான் இருந்தன, யாருக்கும் குறை வரவில்லை.

மருந்தில் ஒரு எச்சரிக்கை. ஆஸ்பிரின் கூடவே கூடாது, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அபூர்வமான ஆபத்து அதில் இருக்கிறது. இபுப்ரூஃபனும் வேண்டாம், அம்மைப் புண்ணில் கடுமையான தொற்று ஏற்படுவதோடு அதைத் தொடர்புபடுத்துகிறார்கள். மெடிக்கலில் போய் "காய்ச்சல் சிரப்" என்று மட்டும் கேட்டால் பாராசிட்டமாலும் இபுப்ரூஃபனும் கலந்ததைக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு, லேபிளைப் படித்து வாங்குங்கள். அளவு வயதை வைத்து இல்லை, எடையை வைத்து: கிலோவுக்கு 15 மி.கி. பத்து கிலோ பிள்ளைக்கு 150 மி.கி., அதாவது 5 மில்லிக்கு 250 மி.கி. என்று போட்டிருக்கிற சிரப்பில் 3 மில்லி, 125 மி.கி. சிரப்பில் 6 மில்லி. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளில் நான்குக்கு மேல் வேண்டாம்.

இனி அரிப்பு. ராத்திரியில்தான் பிள்ளைகள் துடித்துப்போவார்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், கைக்குழந்தைக்குக் கையில் பருத்தி சாக்ஸ் மாட்டிவிடுங்கள், துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டியை விரித்துப் படுக்க வையுங்கள். கேலமைன் லோஷனைத் தடவலாம், கண்ணிலும் வாயிலும் படாமல். வேப்பிலைக் கொத்தால் மெதுவாகத் தடவிக் கொடுப்பது எங்கள் பிள்ளைகளுக்கு ஆறுதலாக இருந்தது, ஆனால் உடைந்த கொப்புளத்தின் மேல் எதையும் அரைத்துப் பூசாதீர்கள்.

தலைக்குத் தண்ணீர் ஊற்ற நாள் பார்ப்பார்கள், அது பாட்டுக்கு நடக்கட்டும். அதுவரை உடம்பில் தண்ணீரே படக் கூடாது என்றால்தான் சிக்கல். வியர்வையும் அழுக்கும் சேர்ந்தால் புண் சீழ் பிடிக்கும். தினமும் வெதுவெதுப்பான நீரில் உடம்புக்கு மட்டும் ஊற்றி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தேன். "இது சடங்குத் தண்ணி இல்லை, சுத்தத்துக்குத்தான்" என்று சொன்னதும் மாமியார் சரி என்றார்.

சாப்பாட்டில் எண்ணெய், காரம், தாளிப்பு இல்லாமல் கொடுப்பது நல்லதுதான், வாய்க்குள்ளும் புண் இருக்கும். அதற்காகப் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். மோர் சாதம், குழைந்த பருப்பு சாதம், இளநீர், நீராகாரம், எது இறங்குகிறதோ அது. சிறுநீர் போவது குறைந்தால் உடனே கவனியுங்கள்.

காய்ச்சல் நான்கு நாளுக்கு மேல் நீடித்தாலும், விட்டுத் திரும்ப வந்தாலும், கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கிச் சூடாக இருந்தாலும் டாக்டரிடம் போங்கள். மூச்சு வாங்குவது, விடாத வாந்தி, எழுப்பினாலும் தூங்கி வழிவது, நடையில் தள்ளாட்டம் என்றால் ராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். போவதற்கு முன் போன் பண்ணி அம்மை என்று சொல்லிவிடுங்கள், காத்திருக்கும் இடத்தில் கர்ப்பிணிகள் இருப்பார்கள்.

கர்ப்பிணி, பிறந்த குழந்தை, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், இவர்கள் வீட்டில் இருந்தாலோ வந்து போயிருந்தாலோ முத்து வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே அவர்களுடைய டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். பார்க்க வரும் உறவுக்காரர்களை வாசலிலேயே கேட்டுவிடுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பள்ளிக்கூடத்துக்கு எப்போது அனுப்பலாம் என்றால், எல்லா முத்தும் காய்ந்து பொருக்கு தட்டிய பிறகு, பொதுவாக ஒரு வாரம் ஆகும். பொருக்கு முழுக்க உதிர வேண்டும் என்று இல்லை. அதைப் பிய்க்கத்தான் விடக் கூடாது, பிய்த்தால் தழும்பு நின்றுவிடும்.

இன்னும் அம்மை வராத வீடுகளுக்கு: சின்னம்மைத் தடுப்பூசி அரசின் இலவச அட்டவணையில் இல்லை, தனியாரிடம்தான் போட வேண்டும், 15 மாதத்திலிருந்து இரண்டு டோஸ். செலவுதான். ஒரு பிள்ளைக்கு ஒரு டோஸோடு விட்டிருந்தால் இப்போதே கேட்டு இரண்டாவதைப் போட்டுவிடுங்கள்.