நாடாளுமன்றத்துக்கு வரும் பள்ளிக் குழுவை வழிநடத்துவது எப்படி? புதிய கல்வி அலுவலர்களுக்கான செய்முறை விளக்கம்

நாடாளுமன்றக் கல்விப் பிரிவில் புதிதாகச் சேர்கிறவர்கள் பெரும்பாலும் கட்டடத்தின் வரலாற்றை மனப்பாடம் செய்வதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அது தேவைதான் என்றாலும், தூண்களின் எண்ணிக்கையைப் பிள்ளைகள் மறுநாளே மறந்துவிடுவார்கள். கருத்து ஒவ்வாத பலர் ஓர் அறையில் அமர்ந்து, பேசி, வாக்குகளை எண்ணி முடிவுக்கு வருவதைத் தாங்களே ஒருமுறை செய்து பார்த்தால், அது மனத்தில் தங்கும்.

படி 1: முன்கூட்டியே பேசுங்கள்

ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்து, எந்த வகுப்பு, எத்தனை பேர், சக்கர நாற்காலியோ சைகை மொழியோ யாருக்கேனும் தேவையா என்று கேளுங்கள். எந்தப் பொருள்களை உள்ளே கொண்டுவரக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

படி 2: வரிசையை வீணாக்காதீர்கள்

பாதுகாப்புச் சோதனைக்கு நேரம் ஆகும். வரிசையில் நிற்கும்போதே, “உங்கள் வகுப்பில் எல்லோரும் ஒத்துக்கொள்ளாத விதி எது?” என்று கேட்டுவையுங்கள். கிடைக்கும் பதில்களில் ஒன்றைப் பிறகு மசோதாவாக்கலாம்.

படி 3: பார்வையாளர் மாடம்

மாடத்துக்குள் பேச அனுமதி இருக்காது என்பதால், எதைக் கவனிக்க வேண்டும் என்பதை வெளியிலேயே சொல்லிவிட வேண்டும். இருக்கைகளின் அமைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரிட்டிஷ் மக்களவையில் இரு தரப்பும் எதிரெதிரே அமர்கின்றன. தரையில் உள்ள இரு சிவப்புக் கோடுகளுக்கு இடையிலான தொலைவு இரண்டு வாள்களின் நீளத்தைவிடச் சற்று அதிகம் என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. வாளை விட்டுச் சொல்லுக்கு வந்த கதையைப் பிள்ளைகளுக்கு இதைவிட எளிதாக விளக்க முடியாது என்பது என் எண்ணம். இருக்கைகள் காலியாகக் கிடப்பது ஏன் என்று யாரேனும் கட்டாயம் கேட்பார்கள். மழுப்பாமல், உறுப்பினர்கள் குழுக் கூட்டங்களிலும் தொகுதிப் பணியிலும் இருக்கக்கூடும் என்பதைச் சொல்லிவிட்டு, ஒவ்வோர் அவைக்கும் குறைந்தபட்ச வருகை விதி உண்டு என்பதையும் விளக்குங்கள். இந்தியாவில் அது மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு.

படி 4: மாதிரி அவை

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் நாடாளுமன்றக் கல்வி அலுவலகமும் மாணவர்களை உறுப்பினர்களாக நடிக்க வைத்தே கற்பிக்கிறது. 30 பேர் வந்திருந்தால், ஒருவர் சபாநாயகர், ஒருவர் அவைச் செயலாளர், 14 பேர் ஆளுங்கட்சி, 10 பேர் எதிர்க்கட்சி, 4 பேர் சுயேச்சைகள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். உணவு இடைவேளையைப் பத்து நிமிடம் நீட்டிக்கும் மசோதாவை ஓர் அமைச்சர் முன்மொழியட்டும். ஒரு திருத்தமாவது வரட்டும். பிறகு “ஆம்”, “இல்லை” என்று குரல் வாக்கெடுப்பு நடந்து, வாக்குகளும் எண்ணப்படட்டும்.

இந்த எண்களைக் காரணத்தோடுதான் தேர்ந்தெடுத்தேன். நான்கு சுயேச்சைகளும் எதிர்க்கட்சியோடு சேர்ந்தால் 14க்கு 14 என்று சமநிலை வரும். அப்போது எல்லாக் கண்களும் சபாநாயகர் நாற்காலியில் இருக்கும் மாணவியின் மேல் திரும்பும். அவர் திகைத்து உங்களைப் பார்த்தால், விடையைச் சொல்லிவிடாதீர்கள். மக்களவைச் சபாநாயகர் வழக்கமாக வாக்களிப்பதில்லை என்பதையும், வாக்குகள் சமமாகும்போது மட்டும் தீர்மான வாக்கு அளிப்பார் என்பதையும் சொல்லுங்கள். பிரிட்டனில், பெரும்பான்மை உருவாகாத ஒன்றைத் தம் வாக்கால் நிறைவேற்றக் கூடாது என்ற மரபைச் சபாநாயகர் பின்பற்றுகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, முடிவை அவரிடமே விடுங்கள். தோற்ற தரப்பிடம், அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்க மறக்காதீர்கள்.

படி 5: நடுநிலை

“நீங்கள் யாருக்கு வாக்களிப்பீர்கள்?” என்ற கேள்வி வரும். “என் வாக்கு ரகசியமானது, உங்களுடையதும் ஒருநாள் அப்படித்தான் இருக்கும்” என்று கனிவாகச் சொல்லுங்கள். ஒரு தரப்பின் வாதத்தை விளக்கினால் மறுதரப்பின் வாதத்தையும் அதே அக்கறையோடு விளக்க வேண்டும். புருவம் உயர்வதைக்கூடப் பிள்ளைகள் கவனித்துவிடுவார்கள்.

படி 6: வழியனுப்புதல்

வாக்கு எண்ணிக்கை எழுதிய மசோதாத் தாளை ஆசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். விடை தெரியாத கேள்விகளைக் குறித்துவைத்து, ஒரு வாரத்துக்குள் பள்ளிக்கு எழுதி அனுப்புங்கள். கேட்ட பிள்ளை காத்திருக்கும்.