கச்சானுக்குள் சைக்கிள் ஓடுவது

நான் மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியிலிருந்து மண்முனைப் பாலம் தாண்டி, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகிறேன். சாறி உடுத்து, சைக்கிளில்தான். 2014இல் பாலம் திறக்க முன்னம் சைக்கிளையும் ‘பாதை’ என்கிற மிதவையில் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடப்போம். அந்த நாளில் காற்று பாதைக்காரரின் தலையிடி. இப்போது என்னுடையது.

முதலில் எந்தக் காற்று என்று பாருங்கள். வைகாசி தொடங்கி புரட்டாதி மட்டும் அடிப்பது கச்சான். மழையை மலைநாட்டிலேயே கொட்டிவிட்டுக் காய்ந்து, சூடாகி மேற்கிலிருந்து இறங்கி வரும். விடிய அடங்கிக் கிடக்கும், வெயில் ஏற ஏறத்தான் வேகம் பிடிக்கும். ஆகவே நான் ஆறரைக்கே வெளிக்கிட்டுவிடுவேன். பள்ளி விட்டு வரும்போது அதே காற்று முதுகில் தள்ளிக்கொண்டு வரும். மார்கழியில் எல்லாம் தலைகீழ். வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று வீட்டுக்குத் திரும்பும் நேரம் பார்த்து முகத்தில் அடிக்கும், மழையோடு.

எதிர்காற்றில் வேகத்தை மறந்துவிடுங்கள். காற்றில்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள் என்று வையுங்கள். எதிரே அதே 15 இல் காற்று வந்தால் உடம்பில் படுவது 30; வேகம் குறையாமல் ஓடப் பார்த்தால் காற்றின் எதிர்ப்பு இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு. கால் எப்போதும் உழக்குகிற அளவுக்கே உழக்கட்டும், சைக்கிள் போகிற வேகத்தில் போகட்டும். முழங்கையை மடித்துக் கொஞ்சம் குனியுங்கள். கியர் இருந்தால் இறக்குங்கள். என்னுடையதில் இல்லை, பத்து நிமிடம் முந்தி வெளிக்கிடுவதுதான் என் கியர்.

எதிர்காற்று களைப்புத்தான் தரும். விழுத்துவது பக்கக்காற்று. காத்தான்குடிப் பக்கம் பிரதான வீதியில் மதிலும் கடையும் மறைக்கிற வரை ஒன்றும் தெரியாது. ஒழுங்கை வாய் வந்ததும் அறைந்தது போல் அடிக்கும். வடக்கே மட்டக்களப்பு நோக்கிப் போகும்போது கச்சான் இடப்பக்கத்தால் வந்து உங்களை நடு வீதிக்குத் தள்ளும். திரும்பி வரும்போது வலப்பக்கம். அப்போதுதான் கூடக் கவனம் வேண்டும்: நீங்கள் காற்றுக்கு ஈடாக வலப்பக்கம் சாய்ந்திருப்பீர்கள், ஒரு லொறி முந்தும்போது காற்றை அது மறைத்துவிடும், சைக்கிள் லொறிப் பக்கமே இழுபடும். லொறி போனதும் காற்று திரும்பவும் மோதும். பின்னால் சத்தம் கேட்டவுடனே வேகத்தைக் குறைத்துக் கரையோடு போங்கள். ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள், இறுக்கினால் ஒவ்வொரு உதறலும் முன் சில்லுக்குப் போகும்.

முன் கூடையில் பாரம் வைக்கவே வேண்டாம். பாலத்தில் ஒரு வீச்சில் ஹாண்டில் திரும்பி, தரம் 4 பிள்ளைகளின் கொப்பி ஐந்து வாவிக்குள் போனது. தாய்மாருக்குப் பதில் சொல்லி முடிய ஒரு கிழமை. இப்போது எல்லாம் கரியரில், பழைய ரியூப் வெட்டிய பட்டியால் கட்டி. சாறித் தலைப்பை இடுப்பில் சுற்றிச் செருகி ஊசி குத்துங்கள்; பின் சில்லில் சுற்றினால் நிறுத்த நேரம் கிடைக்காது. குடை கூடவே கூடாது. மண் பறக்கும், கண்ணாடி போடுங்கள். களைத்தால் இறங்குங்கள், ஆனால் தென்னைக்குக் கீழே நிற்காதீர்கள்.

முதுகுக் காற்றில் சுகமாக இருக்கும், பிறேக் மட்டும் முந்தியே பிடிக்க வேண்டும்.

பாலத்தில் சைக்கிள் ஒரு முழம் பக்கவாட்டில் நகர்ந்தால் நான் இறங்கி உருட்டுவேன். பெடியன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், கொப்பி அவர்களுடையதுதானே.