காய்ச்சலிலும் பால் கொடுக்கலாம்: புதிய நாட்டுக்கு வந்த தாய்மார்களுக்கு

சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என எது வந்தாலும் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். உங்களுக்கு உடம்பு சுடுவதற்கு முன்பே கிருமி குழந்தையிடம் போயிருக்கும். அதை எதிர்க்கும் காப்பு உங்கள் பாலில் வருகிறது. தூக்குமுன் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள், இருமல் இருந்தால் முகக்கவசம் போடுங்கள்.

புதிய நாட்டில் பலர் தடுமாறுவது மாத்திரையில்தான். பாரசிட்டமாலுக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் அசெட்டமினோஃபென் என்று பெயர். பெட்டியில் கொண்டுவந்ததை ஒரு பக்கமும், இங்கே வாங்கியதை ஒரு பக்கமும் போட்டால் ஒரே மருந்து இரண்டு மடங்காகிவிடும். சளிக்கான கூட்டு மாத்திரைகளிலும் அது கலந்திருக்கும். பாலூட்டும்போது பாரசிட்டமால் போடலாம்: ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மி.கி., அடுத்த வேளைக்குக் குறைந்தது 4 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் 4000 மி.கி.க்கு மேல் கூடாது. டப்பாவில் இதைவிடக் குறைவாக இருந்தால் அதுவே உங்கள் அளவு. எடை 50 கிலோவுக்குக் கீழே என்றாலோ கல்லீரல் கோளாறு இருந்தாலோ மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்கள் ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையும் எடுக்கலாம்.

வலிக்கு ஆஸ்பிரின் வேண்டாம். கோடீன் என்ற வலி மருந்து வேண்டவே வேண்டாம்: சிலரின் உடலில் அது வேகமாக மார்ஃபினாக மாறிப் பாலில் கலந்து குழந்தையின் மூச்சை மந்தமாக்கும். மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் பாலையே குறைத்துவிடும்.

மருந்துக் கடையில் மாத்திரை அட்டையைக் காட்டுங்கள். பாலூட்டுகிறீர்கள் என்பதையும், குழந்தைக்கு எத்தனை வாரம் என்பதையும், குறைமாதமா என்பதையும் சொல்லுங்கள். மொழி சிரமமென்றால் மருத்துவரிடம் நேரம் வாங்கும்போதே மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள்.

மார்பு கட்டிச் சிவந்து, குளிர்காய்ச்சல் வந்தால் அழுத்திப் பிசையாதீர்கள். பம்ப் வைத்து ஒட்டக் கறக்கவும் கூடாது. பிசைந்தால் உள்ளே வீக்கம் கூடும், கறக்கக் கறக்க இன்னும் அதிகமாய்ச் சுரக்கும். துணியில் சுற்றிய குளிர்ப்பொதியை 10 நிமிடம் வையுங்கள், குழந்தை கேட்கும்போது வழக்கம்போல் கொடுங்கள். திடீரென நிறுத்தினால் சீழ்க்கட்டி வரை போகலாம். 24 மணி நேரத்தில் தணியாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். பாலூட்டுபவர்களுக்கு ஏற்ற ஆன்டிபயாடிக் இருக்கிறது. பாதியில் விடாமல் முடியுங்கள்.

காய்ச்சல் நாட்களில் பால் குறைந்ததுபோல் தோன்றும். தண்ணீர் நிறையக் குடித்து, நாளுக்கு 8 முதல் 12 முறை கொடுத்தால் மீண்டும் வரும். ஒரு வாரத்தைத் தாண்டிய குழந்தை நாளுக்கு 6 டயப்பராவது நனைத்தால் பால் போதுகிறது. எழ முடியாவிட்டால் கறந்து, கூட இருப்பவரைக் கொடுக்கச் சொல்லுங்கள். கறந்த பால் அறையில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் தாங்கும். மைக்ரோவேவில் சூடாக்காதீர்கள், அங்கங்கே கொதித்து வாயைச் சுடும். தூக்கம் வரவைக்கும் மருந்து போட்டிருந்தால் குழந்தையோடு ஒரே படுக்கையில் படுக்காதீர்கள்.

எச்.ஐ.வி., எச்.டி.எல்.வி. (ரத்த வெள்ளணுக்களைத் தாக்கும் வைரஸ்), சிகிச்சை தொடங்காத காசநோய், புற்றுநோய் மருந்துகள், கதிரியக்க அயோடின், மார்பில் ஹெர்பிஸ் (வைரஸால் வரும் கொப்புளம்) புண் என்றால் அடுத்த முறை கொடுப்பதற்கு முன்பே மருத்துவரைக் கேளுங்கள். காசநோயில் பெரும்பாலும் கறந்த பாலைப் பிறர் கொடுக்கலாம்.

குழந்தைக்கே வயிற்றுப்போக்கு என்றால் இன்னும் அடிக்கடி பால் கொடுங்கள். 6 மாதத்துக்குள் வெறும் தண்ணீர் வேண்டாம். 3 மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலோ, எந்த வயதிலும் பாலை மறுத்துத் துவண்டு கிடந்தாலோ உடனே மருத்துவமனை, இரவானாலும்.