‘குயிக்லி’யை எங்கே வைப்பது? ஃப்ரேசல் வேர்ப் பழகுபவர்களுக்கு

அறுகம்பேயில் ஒரு சின்ன விடுதியில் இரண்டு சீசன் வேலை செய்தேன். ஒரு நாள் தண்ணீர்த் தாங்கி காலியாகிற நேரம் பார்த்து, கடலிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர் முற்றத்து ஷவரைத் திறந்துவிட்டு அலைச்சறுக்குப் பலகையை ஆறுதலாகக் கழுவிக்கொண்டிருந்தார். ஓடிப்போய், ‘ப்ளீஸ் டேர்ன் ஓஃப் குயிக்லி த ஷவர்’ என்றேன். அவர் மூடிவிட்டு, ‘டேர்ன் த ஷவர் ஓஃப் குயிக்லி?’ என்று கேட்டார். அது கேள்வி இல்லை, திருத்தம் என்பது எனக்கு இரவு படுத்த பிறகுதான் விளங்கியது.

சொல் எல்லாம் சரி, இடம்தான் பிழை. இப்போது மட்டக்களப்பு, கல்லடியில் பின்னேரங்களில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகளும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஒழுங்கிலேயே இங்கே எழுதுகிறேன்.

படி 1: இரண்டு சொல்லை ஒன்றாகப் பாருங்கள்

‘டேர்ன்’ என்றால் திரும்புவது. ‘டேர்ன் ஓஃப்’ என்றால் அணைப்பது, மூடுவது. வினையோடு ஒரு சின்னச் சொல் ஒட்டியதும் பொருள் வேறாகிவிடுகிறது. இப்படி ஒட்டிய கூட்டைத்தான் ‘ஃப்ரேசல் வேர்ப்’ என்கிறார்கள். இது நமக்குப் புதிதில்லை. தமிழில் ‘விட்டுக்கொடு’ என்கிறோமே, அதில் விடுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. ‘அவன் சீக்கிரம் விட்டுக்கொடுத்தான்’ என்போம். ‘விட்டுச் சீக்கிரம் கொடுத்தான்’ என்றால் கதையே மாறிவிடும். ஆக, ஒட்டிய இரண்டுக்கும் நடுவில் கண்டதையும் செருகக் கூடாது என்பது நம் காதுக்கு ஏற்கெனவே தெரியும்.

பிறகு ஏன் தடுக்குகிறது? தமிழில் ‘ஷவரை’ என்பது முன்னாலேயே வந்துவிடும், வினை கடைசியில் நிற்கும். ஆங்கிலத்தில் ‘ஷவர்’ வினைக்குப் பின்னால் வருகிறது. சில வேளை வினைக்கும் சின்னச் சொல்லுக்கும் நடுவிலும் புகுந்துகொள்கிறது. அந்த நெரிசலில் ‘குயிக்லி’க்கும் இடம் தேட வேண்டியிருக்கிறது.

நாம் மட்டும் கஷ்டப்படவில்லை. சாமுவேல் ஜோன்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு சின்னச் சொல் சேருவதுதான் பிறநாட்டவருக்குப் பெரிய தலையிடி என்று எழுதிவிட்டார்.

படி 2: ‘இட்’ போட்டுப் பாருங்கள்

இந்தப் பாடத்தில் முக்கியமான படி இதுதான். பொருளின் பெயரை எடுத்துவிட்டு ‘இட்’ போடுங்கள். அது எங்கே போய் உட்காருகிறது?

‘பிக் அப் த ஃபோன்’ என்பது ‘பிக் இட் அப்’ ஆகும். ‘பிக் அப் இட்’ வராது. இது பிரிகிற வகை. ‘டேர்ன் ஓஃப்’, ‘புட் ஒன்’, ‘த்ரோ அவே’ எல்லாம் இந்த வகைதான்.

‘லுக் எட் த மேப்’ என்பது ‘லுக் எட் இட்’ ஆகும். இங்கே ‘இட்’ நடுவில் வராது. இது பிரியாத வகை. ‘வெயிட் ஃபோர்’, ‘லிசன் டு’, ‘லுக் ஆஃப்டர்’ இதில் சேரும்.

காதாலும் பிடிக்கலாம். ‘டேர்ன் இட் ஓஃப்’ என்னும்போது குரல் ‘ஓஃப்’ மேல் அழுந்தும். ‘லுக் எட் இட்’ என்னும்போது ‘லுக்’ மேல் அழுந்தும், ‘எட்’ மெலிந்து போய்விடும்.

படி 3: இப்போது வினையடையை (‘குயிக்லி’ மாதிரிச் சொல்லை) வையுங்கள்

பிரிகிற வகைக்கு ஒன்றில் வினைக்கு முன்னால், இல்லாவிட்டால் எல்லாம் முடிந்த பிறகு:

‘ஹீ குயிக்லி டேர்ன்ட் ஓஃப் த ஷவர்.’
‘ஹீ டேர்ன்ட் ஓஃப் த ஷவர் குயிக்லி.’
‘ஹீ டேர்ன்ட் த ஷவர் ஓஃப் குயிக்லி.’

மூன்றும் சரி. நான் அன்று சொன்னதுபோல ‘ஓஃப்’புக்கும் ‘த ஷவரு’க்கும் நடுவில் வைப்பது பிழை. ‘டேர்ன்ட் குயிக்லி ஓஃப் த ஷவர்’ அதைவிடப் பிழை.

“நடுவில வைச்சாலும் ஆக்களுக்கு விளங்கும்தானே, சேர்?” என்று ஒரு பிள்ளை கேட்டது. விளங்கும் மனே, எனக்கும் ஷவரை மூடித் தந்தார்கள்தான். ஆனால் பரீட்சையில் அதற்குப் புள்ளி கிடைக்காது.

பிரியாத வகையில் பலவற்றுக்கு நடுவிலும் இடம் உண்டு. ‘லுக் கேர்ஃபுலி எட் த மேப்’ நல்ல ஆங்கிலம். ‘வெயிட் பேஷன்ட்லி ஃபோர் த பஸ்’ என்பதும் அப்படியே. 2013இல் கல்லடிப் புதுப் பாலம் திறக்கும் வரை, 1924ஆம் ஆண்டுப் பழைய ஒடுங்கிய பாலத்தில் எதிரே வருகிற வாகனங்களுக்காகக் காத்து நின்றவர்களுக்கு இந்த ‘பேஷன்ட்லி’யைத் தனியாக விளக்கத் தேவையில்லை. ‘லுக் ஆஃப்டர்’ (பராமரிப்பது) மாதிரிப் பொருள் இறுகிப்போனவற்றை மட்டும் உடைக்காதீர்கள். ‘லுக் ஆஃப்டர் ஹேர் வெல்’ என்று கடைசியிலேயே வையுங்கள்.

படி 4: ‘ஸ்ட்ரெய்ட்’டும் ‘ரைட்’டும்

இந்த இரண்டும் நடுவில் நுழைய அனுமதி பெற்றவை. திசையைக் காட்டுகிற சின்னச் சொல்லுக்கு முன்னால் தாராளமாக வரும். கடைக்குப் போகும் தம்பியிடம் ‘கம் ஸ்ட்ரெய்ட் பேக்’ என்றால், அங்கே இங்கே மினக்கெடாமல் நேரே திரும்பி வா என்று பொருள். வாசலில் நிற்கிறவரிடம் ‘கம் ரைட் இன்’ என்றால், தயங்காமல் உள்ளே வாருங்கள். ஓட்டோவில் வழி சொல்லும்போது ‘கோ ஸ்ட்ரெய்ட் ஒன்’. ‘இட்’ இருந்தால் அதற்குப் பிறகு: ‘புட் இட் ஸ்ட்ரெய்ட் பேக்.’

திசை இல்லாத இடத்தில் இந்தச் சலுகையை நம்ப வேண்டாம். ‘கிவ் அப்’ என்றால் கைவிடுவது, அதில் ‘அப்’ எந்த மேற்பக்கத்தையும் காட்டவில்லை. அதனால் ‘கிவ் கம்ப்ளீட்லி அப்’ வராது. ‘ஹீ கேவ் அப் கம்ப்ளீட்லி’ என்றுதான் வரும்.

படி 5: ‘ஓல்வேஸ்’, ‘ஜஸ்ட்’, ‘ஓல்ரெடி’

இவை வினைக்கு முன்னால் வரும்: ‘ஐ ஓல்வேஸ் வேக் அப் ஏர்லி.’ இந்த வாக்கியத்தில் வினையடை இரண்டு, முன்னால் ஒன்று, கடைசியில் ஒன்று. ‘ஹேஸ்’, ‘ஹேவ்’ இருந்தால் அதற்குப் பிறகு வரும்: ‘த பவர் ஹேஸ் ஜஸ்ட் கம் பேக்.’ (நாம் ‘கரண்ட்’ வந்தது என்போம். ஆங்கிலத்தில் அதற்கு ‘பவர்’ என்று பழகுங்கள்.) 2022இல் பெற்றோல் வரிசையில் விடிய விடிய நின்றவர்களுக்கு இன்னொன்று: ‘தே ஹேவ் ஓல்ரெடி ரன் அவுட் ஒஃப் பெற்றோல்.’ ‘ரன் அவுட் ஒஃப்’ மூன்று சொல் கூட்டு. அதற்குள் எதையும் செருகாதீர்கள்.

அப்புறம் ஒன்று. ஆங்கிலத்தில் இல்லாத ஒட்டுகளை நாமே உண்டாக்குகிறோம். ‘ரிட்டர்ன் பேக்’ வேண்டாம், ‘ரிட்டர்ன்’ போதும். ‘கோப் அப் வித்’ என்று ஒன்று இல்லை, ‘கோப் வித்’ மட்டும்தான்.

சரி, செய்து பாருங்கள். அடைப்புக்குள் இருப்பதைச் சரியான இடத்தில் வையுங்கள்.

அ) ‘ஷீ புட் ஒன் ஹேர் ஷூஸ்.’ (ஸ்லோலி)
ஆ) ‘த பஸ் ஹேஸ் புரோக்கன் டவுன்.’ (ஓல்ரெடி)
இ) ‘டேக் த தயிர்ச் சட்டி பேக்.’ (ஸ்ட்ரெய்ட்)

விடைகள்: அ) ‘ஸ்லோலி’ ‘ஷீ’க்குப் பிறகு அல்லது கடைசியில். ஆ) ‘ஹேஸ்’ஸுக்குப் பிறகு. இ) ‘பேக்’குக்குச் சற்று முன்னால். தயிர்ச் சட்டிக்கு ஆங்கிலம் என்னவென்று தேட வேண்டாம், ‘இட்’ போட்டாலே போதும்: ‘டேக் இட் ஸ்ட்ரெய்ட் பேக்.’